துணைக்கு வந்தவர்கள்

மாமா: பயப்படாதீங்க மாப்ள. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

மாப்பிள்ளை: நானும் அதேதான் மாமா சொல்ல வந்தேன். வெறும் எறும்புக் கடி. நீங்க மனச லேசா வச்சுக்கங்க.

மாமா: என் மனசுக்கென்ன, பஞ்சு மாதிரி இருக்கு.

மாப்பிள்ளை: அப்ப கைய கொஞ்சம் விடுங்க. விரல் நசுங்குது.

மாமா: நான் எங்க பிடிச்சேன்? நீங்கதான் என் கையப் பிடிச்சிருக்கீங்க.

மாப்பிள்ளை: ஓ... ஆமா. அது... உங்களுக்கு ஒரு தெம்பா இருக்கட்டுமேன்னு.

மாமா: எனக்கா? நாப்பது மாடி உசரத்துல கிரேன் ஓட்டுறவன் நான். காத்தடிச்சா மொத்தக் கூண்டும் தொட்டில் மாதிரி ஆடும். அதுல உக்காந்து சாவகாசமா பேப்பர் படிப்பேன்.

மாப்பிள்ளை: தெரியும் மாமா. அதனாலதான் சொல்றேன், இதெல்லாம் உங்களுக்கு ஜுஜுபி.

மாமா: உங்களுக்கு மட்டும் என்ன? பெரிய தையல்காரர். விடிஞ்சா ஊசி, அடைஞ்சா ஊசி. இங்க இருக்கறது ஒத்த ஊசி.

மாப்பிள்ளை: ஊசியா... ஊசி போடுவாங்களா மாமா?

மாமா: போட்டாத்தானே மரத்துப் போகும்.

மாப்பிள்ளை: யா... யாருக்கு?

மாமா: பல்ல எடுக்கறவங்களுக்குத்தான். பக்கத்துல நிக்கிறவனுக்கா போடுவாங்க?

மாப்பிள்ளை: ஹி ஹி... ஆமால்ல.

மாமா: அது என்ன சத்தம்?

மாப்பிள்ளை: எது மாமா?

மாமா: கிர்ர்ர்ருன்னு... இப்ப நின்னுச்சு. இதோ, மறுபடியும்.

மாப்பிள்ளை: மிக்ஸியா இருக்கும்.

மாமா: பல் டாக்டர் ரூம்ல மிக்ஸிக்கு என்ன வேல?

மாப்பிள்ளை: வந்தவங்களுக்கு ஜூஸ் போடுறாங்களோ என்னவோ.

மாமா: நல்ல மனுஷங்க.

மாப்பிள்ளை: ரொம்ப.

மாமா: உள்ள யாரோ 'ஆ'ங்கறாங்களே.

மாப்பிள்ளை: ஜூஸ் நல்லா இருக்குபோல.

மாமா: ம்... கதவு தொறக்குது. பாத்தீங்களா அந்த ஆள? வாய் ஒரு பக்கமா கோணியிருக்கு.

மாப்பிள்ளை: சிரிக்கிறார் மாமா.

மாமா: அதுவா சிரிப்பு? பாதி மூஞ்சி சிரிக்குது, பாதி மூஞ்சி துக்கம் விசாரிக்குது.

மாப்பிள்ளை: மாமா, நான் ஒரு நிமிஷம் பாத்ரூம் வரைக்கும்...

மாமா: இப்பதானே போயிட்டு வந்தீங்க! இது நாலாவது தடவ.

மாப்பிள்ளை: நீங்க மூணு தடவ போனீங்க. நான் எண்ணுனேனா?

மாமா: எண்ணாமலா மூணுங்கறீங்க?... சரி விடுங்க, உக்காருங்க. டீ குடிக்கறீங்களா? கீழ கடை இருக்கு.

மாப்பிள்ளை: சூடா எதுவும் வேணாம் மாமா. இந்த வெயிலுக்கு ஆகாது.

மாமா: அப்ப ஐஸ் போட்டு ஏதாவது?

மாப்பிள்ளை: ஐயய்யோ, குளிர்ச்சி வேணவே வேணாம்! நீங்க குடிங்க.

மாமா: எனக்கும் ரெண்டும் ஆகாது. பிஸ்கட்?

மாப்பிள்ளை: கடிக்கற சாமான் எதுவும்... இல்ல, பசியில்ல மாமா.

மாமா: எனக்கும் இல்ல. நேத்துல இருந்தே.

மாப்பிள்ளை: எனக்கு முந்தாநேத்துல இருந்து.

மாமா: உங்க ஃபோன் அடிக்குது.

மாப்பிள்ளை: உங்க பொண்ணுதான். இருங்க, அந்தப் பக்கமாப் போய்ப் பேசிட்டு வரேன்... சொல்லும்மா.

மகள்: உள்ள கூப்பிட்டாங்களா?

மாப்பிள்ளை: இன்னும் இல்ல.

மகள்: அப்பா எப்படி இருக்கார்?

மாப்பிள்ளை: வெளிறிப் போயிருக்கார் பாவம். வெளிய காட்டிக்காம வீராப்பாப் பேசறார். நான் சமாளிச்சுக்கறேன்.

மகள்: ஊசியக் கண்ணால பாத்தீங்களா? எவ்ளோ நீளம்?

மாப்பிள்ளை: நான் ஏன் பாக்கணும்?... ஏன், நீளமா?

மகள்: மெஷின் சத்தம் வெளிய கேக்குதா?

மாப்பிள்ளை: கேக்குது, கேக்குது. நீ ஏன்மா இத்தன கேள்வி கேக்கற?

மகள்: சும்மாதான். அப்பாவ விட்டுட்டு ஓடிடாதீங்க. வைக்கறேன்.

மாமா: மாப்ள, இப்ப எனக்கு அடிக்கறா. நீங்க கேக்காதீங்க, இது அப்பன் மகள் சமாச்சாரம்... சொல்லு பாப்பா.

மகள்: அவர் எப்படிப்பா இருக்கார்?

மாமா: காலு தந்தியடிக்குது. நான் இருக்கேன்ல, விடு.

மகள்: உள்ள போனவங்க யாராவது கத்துனாங்களா?

மாமா: ஒருத்தன் 'ஆ'ன்னான். ஜூஸ் குடிச்சிருப்பான்.

மகள்: ஜூஸா?

மாமா: அத விடு. எல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்க வேண்டியது... ஆஆஆ!

மகள்: என்னப்பா ஆச்சு?

மாமா: ஒண்ணுமில்ல. பேச்சோட பேச்சா நெஜமாவே கடிச்சுட்டேன். வை ஃபோன.

பெண்: நாலாம் நம்பர் யாருங்க?

மாமா: கூப்பிட்டுட்டாங்க! தைரியமாப் போங்க மாப்ள.

மாப்பிள்ளை: உங்களத்தான் மாமா கூப்பிடறாங்க.

மாமா: வெளையாடாதீங்க. நான் துணைக்கு வந்தவன்.

மாப்பிள்ளை: நான்தான் மாமா துணைக்கு வந்தவன்.

பெண்: ரெண்டு பேரும் துணைக்கு வந்திருந்தா, பல்லு எப்ப வரும்?

மாமா: ஒரு நிமிஷம்மா. நீ இங்க வேல பாக்கற பொண்ணு, உனக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த டாக்டர் ஆள் எப்படி?

பெண்: எப்படின்னா?

மாமா: முரடா?

பெண்: அப்படியும் சிலர் சொல்றாங்க.

மாப்பிள்ளை: கை கிய் நடுங்குமா?

பெண்: வேளைக்குச் சாப்பிட்டா நடுங்காது.

மாமா: இன்னிக்குச் சாப்பிட்டாச்சா?

பெண்: எங்க? நாலாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும் முடிஞ்சாத்தான் சாப்பாடு.

மாப்பிள்ளை: மாமா, சாப்பிட்டு வரட்டும். நாம நாளைக்குக்கூட...

பெண்: இருங்க, சீட்டப் பாக்கறேன். நாலாம் நம்பர், வயசு அம்பத்தெட்டு. மேல் கடைவாய்ப் பல் எடுக்கணும்.

மாமா: மாப்ள, உங்களுக்கு அம்பத்தெட்டா?

மாப்பிள்ளை: மாமா!

பெண்: அஞ்சாம் நம்பர், வயசு முப்பத்தொண்ணு. முன் பல் சொத்தை, அடைக்கணும். ரெண்டுமே ஒரே ஆள் ஃபோன் பண்ணிப் பதிஞ்சது.

மாமா: யாரு?

பெண்: ஒரு அம்மா. அப்பாவையும் வீட்டுக்காரரையும் அனுப்பி வைக்கறேன்னாங்க. எப்படி வர வைக்கறதுன்னு எனக்குத் தெரியும்னாங்க.

மாமா: காலைல என்கிட்ட அழாத குறையாச் சொன்னாளே! 'அவர் ரொம்பப் பயப்படறார்ப்பா, துணைக்குப் போங்க'ன்னு.

மாப்பிள்ளை: என்கிட்ட, 'அப்பா ஒத்தையில போனா மயங்கிடுவார், நீங்கதான் பாத்துக்கணும்'னு.

மாமா: ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!

பெண்: மாங்காய்ங்க ரெண்டும் பேசி முடிவு பண்ணுங்க. சாமானெல்லாம் கழுவி எடுத்து வைக்க அஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள யார் மொதல்லன்னு சொல்லிடணும்.

மாமா: போயிட்டா. மாப்ள, எந்திரிங்க.

மாப்பிள்ளை: எங்க மாமா?

மாமா: லிஃப்ட்டுக்கு. டாக்டர் லீவுன்னு சொல்லிக்கலாம்.

மாப்பிள்ளை: உடம்பு சரியில்லாம லீவா, ஊருக்குப் போன லீவா? ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். உங்க பொண்ணு தனித்தனியாக் கூப்பிட்டு விசாரிப்பா.

மாமா: ஊருக்கு.

மாப்பிள்ளை: எந்த ஊருக்குன்னு கேட்டா?

மாமா: யோவ், மொதல்ல பட்டன அமுக்குங்க!... மன்னிச்சுக்கங்க மாப்ள, யோவ்னுட்டேன்.

மாப்பிள்ளை: பரவால்ல மாமா. மூணு வருஷத்துல நீங்க என்கிட்ட சேந்தாப்ல பேசறதே இன்னிக்குத்தான்.

மாமா: என்ன சொல்றீங்க?

மாப்பிள்ளை: நான் என்ன கேட்டாலும் 'ம்'. சட்டை தச்சுக் குடுத்தேன், அளவு சரியா மாமான்னேன், 'ம்'. வீட்டுக்கு வாங்க மாமான்னா, அதுக்கும் 'ம்'. ஒரு சாதாரணத் தையல்காரனுக்குப் பொண்ணக் குடுத்துட்டோமேன்னு உங்களுக்கு மனசுல...

மாமா: அட ராமா! வாயத் தொறந்தா காத்து பட்டு சுளீர்னு இழுக்கும் மாப்ள. அதான் 'ம்'. இன்னிக்கு உங்களுக்குத் தைரியம் சொல்லத்தான் பொறுத்துக்கிட்டுப் பேசறேன். அந்தச் சட்டையத்தான் கிரேன்ல ஏறுற அன்னிக்கெல்லாம் போட்டுக்கறேன். என் கைக்கு அளவா எவன் தச்சிருக்கான் இதுவரைக்கும்?

மாப்பிள்ளை: நெஜமாவா?

மாமா: ம்... ச்சே, ஆமா! ஆமாங்கறேன்! நீங்க மட்டும் என்னவாம்? கல்யாண ஃபோட்டோவ எடுத்துப் பாருங்க. எரநூறு ஃபோட்டோ, ஒண்ணுலயாவது சிரிச்சிருக்கீங்களா? எம்பொண்ணு பளிச்சுன்னு நிக்குது, பக்கத்துல நீங்க கோர்ட்டுல நிக்கற மாதிரி. புடிக்காமத்தான் கட்டிக்கிட்டார்னு நானும் அவ அம்மாவும் பேசாத நாளில்ல.

மாப்பிள்ளை: மாமா... முன் பல்லு பாதி கறுப்பு. சிரிச்சா தெரிஞ்சிடும்.

மாமா: எங்க, காட்டுங்க.

மாப்பிள்ளை: வேணாம்.

மாமா: அட, காட்டுங்க! நான் என்ன வெளியாளா?

மாப்பிள்ளை: ஈஈ...

மாமா: அடப் பாவமே. இத்துனூண்டு கறுப்பு. இதுக்காகவா மூணு வருஷம் நான் தூங்காமக் கெடந்தேன்!

மாப்பிள்ளை: லிஃப்ட் வந்துருச்சு மாமா.

மாமா: போகட்டும், அடுத்தது வரும். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நாள் பூரா ஊசி பிடிக்கறீங்க, உங்களுக்கு ஏன் பயம்?

மாப்பிள்ளை: ஊசி என் கையில இருந்தா பயமில்ல மாமா. அடுத்தவங்க கையில இருந்தாத்தான்.

மாமா: அதே! அதேதான்! கூண்டுல கம்பி என் கையில, பட்டன் என் கையில. இங்க நாற்காலிய யாரோ சாய்க்கறாங்க, என் வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியல... மாப்ள, ஒண்ணு சொல்லுவேன். வெளிய விடக் கூடாது.

மாப்பிள்ளை: சொல்லுங்க.

மாமா: பாப்பாவுக்கு ஏழு வயசு. பால் பல்லு ஒண்ணு ஆடுது, விழுவனாங்குது. நான்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் இடுக்கிய எடுத்தார்... அவ்ளோதான் எனக்குத் தெரியும். கண்ணு முழிச்சா, தரையில கெடக்கறேன். நாலு பேர் மூஞ்சில தண்ணி தெளிக்கறாங்க.

மாப்பிள்ளை: அவ?

மாமா: என் செருப்பு ரெண்டையும் நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

மாப்பிள்ளை: அழுதாளா?

மாமா: இல்ல. அதான் மாப்ள... பொட்டுத் தண்ணி வரல. பஸ்ல திரும்பறப்ப என் காதுக்குள்ள சொல்லுது, 'அம்மா கேட்டா நான்தான் பயந்துட்டேன்னு சொல்லிடுங்கப்பா'ன்னு.

மாப்பிள்ளை: நீங்க என்ன சொன்னீங்க?

மாமா: அப்படியே சொல்லிட்டேன். அன்னிக்கு மட்டுமில்ல, இருபது வருஷமா ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறேன். எம்பொண்ணுக்குப் பல் டாக்டர்னா தொடை நடுங்கும்னு.

மாப்பிள்ளை: என்கிட்ட அவ மூச்சு விட்டதில்ல மாமா.

மாமா: யார்கிட்டயும் விட்டதில்ல.

மாப்பிள்ளை: லிஃப்ட் மறுபடியும் வந்துருச்சு.

மாமா: போகச் சொல்லுங்க. நாம உள்ள போவோம். இந்தத் தடவயாவது உருப்படியா போயிட்டு வந்தோம்னு அவகிட்ட சொல்லணும்.

மாப்பிள்ளை: சரி மாமா. நீங்க பெரியவர், மொதல்ல போங்க.

மாமா: அதெப்படி? வீட்டு மாப்பிள்ளைக்குத்தான் எதுவும் மொதல்ல.

மாப்பிள்ளை: நாலுக்கப்புறம்தான் மாமா அஞ்சு.

மாமா: மரியாதைக்கு முன்னாடி கணக்கு என்ன கணக்கு?

பெண்: அஞ்சு நிமிஷம் ஆச்சு. முடிவாச்சா?

மாமா: ஆகல. டாக்டர் ரெடியா?

பெண்: அவங்க எப்பவோ ரெடி. உங்க முன்னாடிதான் நிக்கறாங்க.

மாப்பிள்ளை: எங்க?... அய்யோ. மாமா, இவங்கதான் டாக்டர்!

மாமா: அம்மா, தாயே, முரடான்னு கேட்டது நானில்ல. இவர்.

மாப்பிள்ளை: நான் கை நடுங்குமான்னுதான் கேட்டேன்!

டாக்டர்: பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நாற்காலி இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணாவே வாங்க. ஒருத்தருக்கு மரத்துப் போறதுக்குள்ள இன்னொருத்தரப் பாத்துடுவேன்.

மாமா: டாக்டரம்மா, ஒரு விஷயம். நான் மயங்கி விழற ஜாதி.

டாக்டர்: நாற்காலிய முழுசாச் சாய்ச்சுட்டேன் ஐயா. இதுக்கு மேல நீங்க விழறதுக்கு இடமே இல்ல.

மாமா: அட, ஆமா! மாப்ள, படுத்துட்டா விழ முடியாதாம்! இது தெரியாம இருபது வருஷம் வீணாப் போச்சே.

டாக்டர்: நல்லா தொறங்க. வலிச்சா இடது கையத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன். பிரேக் உங்க கையில.

மாமா: பிரேக் என் கையிலயா? இத வாசல்ல எழுதிப் போடக் கூடாதா நீங்க?

மாப்பிள்ளை: மாமா, என்ன பண்றாங்க? நான் கண்ண மூடியிருக்கேன்.

மாமா: நானும்தான். ஏதோ பஞ்சுல தடவறாங்க... இனிப்பா இருக்கு. டாக்டரம்மா, ஊசி போடறப்ப சொல்லிடுங்க, நான் ஒரு பாட்டு பாடிக்குவேன்.

டாக்டர்: போட்டாச்சு.

மாமா: எப்ப?

டாக்டர்: இனிப்ப ரசிச்சுட்டிருந்தீங்க, அப்ப.

மாமா: மாப்ழ! போத்தாச்சாம்!... மாப்ழ, என் ஒதழு எங்க?

மாப்பிள்ளை: மூஞ்சிலதான் மாமா இருக்கு.

மாமா: வாடகைக்கு வந்த மாதிழி இருக்கே.

டாக்டர்: சிரிக்காதீங்க, கை ஆடுது. அடுத்து நீங்க, தொறங்க. என்ன, ஊசிய இப்படிப் பாக்கறீங்க?

மாப்பிள்ளை: ரொம்ப மெல்லிசா இருக்குங்களே. பட்டுத்துணிக்கு நாங்க போடற நம்பர். கேவலம் இதுக்கா நான்... ஆ.

டாக்டர்: முடிஞ்சுது.

மாப்பிள்ளை: கையெழுத்துப் போடக்கூட இத விட நேரமாகுமே டாக்டர்!

டாக்டர்: ஐயா, இப்ப உங்க பல்லு. கைய வச்சுக்கங்க, தூக்கணும்னா தூக்குங்க. ஒண்ணு... ரெண்டு... இந்தாங்க, தட்டுல இருக்கு பாருங்க.

மாமா: இதா? இந்தச் சுண்டைக்காய்ப் பயழா என்ன மூணு வழுஷம் ஆட்டி வச்சான்?

மாப்பிள்ளை: ஆஆ ஆஆ ஆ?

மாமா: வலிக்கழ மாப்ழ. கைய தூக்கவே இல்ழ நான்!

டாக்டர்: பஞ்ச கடிச்சுக்கங்க, பேசாதீங்க. தம்பி, உங்களோடதும் அடைச்சாச்சு. கண்ணாடியப் பாத்துச் சிரிங்க.

மாப்பிள்ளை: ஈஈ... வெள்ளையா இருக்கு! மாமா, பாருங்க! பாதி மூஞ்சிதான் சிரிக்குது, ஆனா வெள்ளையா சிரிக்குது!

மாமா: இப்ப ஒரு ஃபோட்டோ எழுக்கணும். எரநூறும் திரும்ப எழுக்கணும்.

டாக்டர்: வெளிய உக்காந்து சிரிங்க. அரை மணி நேரம் கழிச்சு வாய் சரியாயிடும். அப்புறம் கிளம்பலாம்.

மாப்பிள்ளை: மாமா, அரை மணி ஆகப் போகுது. இப்ப சொல்லுங்க, ராமன் ராயர் ரயில்.

மாமா: ராமன் ராயர் ரயில். வந்துருச்சு! உதடு ஊருக்கு வந்துருச்சு! உங்களோடது?

மாப்பிள்ளை: பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்துருச்சு... உங்க பொண்ணு கூப்பிடறா மாமா.

மாமா: ஸ்பீக்கர்ல போடுங்க. நம்மள ஏமாத்துனா இல்ல? கொஞ்சம் கலங்கடிப்போம்.

மகள்: ஹலோ? முடிஞ்சுதா? எப்படி இருந்துச்சு?

மாமா: ரத்த வெள்ளம் பாப்பா!

மாப்பிள்ளை: ஊசி முழ நீளம்மா!

மாமா: கடப்பாரைய விட்டு நெம்புனாங்க!

மாப்பிள்ளை: உங்கப்பா போட்ட அலறல்ல ஜன்னல் கண்ணாடி உதிந்துருச்சு!

மாமா: பாப்பா?

மாப்பிள்ளை: லைன்ல இருக்கியா?... ஏய், அழறியா?

மகள்: இல்ல... அப்ப... அவ்ளோ வலிச்சுதா?

மாமா: அய்யோ, வெளையாட்டுக்குச் சொன்னோம்டா! ஒரு வலியும் இல்ல.

மாப்பிள்ளை: எறும்பு கூடக் கடிக்கலம்மா. சும்மா அளந்து விட்டோம்.

மகள்: என்னச் சமாதானப்படுத்தச் சொல்றீங்க.

மாப்பிள்ளை: உன் மேல சத்தியம். வீட்டுக்கு வந்ததும் சிரிச்சுக் காட்டறேன், நீயே பாரு.

மகள்: அப்பா... நீங்க மயங்கலயா?

மாமா: இல்லம்மா. கடைசி வரைக்கும் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். பல்லத் தட்டுல போடற சத்தம் கூடக் கேட்டேன்.

மகள்: சத்தியமா?

மாமா: சத்தியமா. பாப்பா... அன்னிக்குப் பயந்தது நீ இல்லன்னு மாப்ளகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே ஊர் பூரா சொல்லிடறேன், எம்பொண்ணுக்குப் பல் டாக்டர்னா துளிகூட பயமில்லன்னு.

மகள்: அவசரப்பட்டுச் சொல்லிடாதீங்கப்பா... ஆறாம் நம்பர் டோக்கன் எனக்கு. உங்கள விட்டு ஆழம் பாத்துட்டு, ரெண்டு மணி நேரமா கீழ வாசப்படியிலதான் உக்காந்திருக்கேன். வந்து ஆளுக்கொரு கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போங்க.